ஆண்டுக் கணக்குப் பார்த்துப் பேட்டரியை மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைக்கால வாகனப் பராமரிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த குறிப்பில், காரின் பேட்டரிக்கு மூன்றாண்டு நிறைந்துவிட்டால் அது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாற்றிவிடுவதே நல்லது என்று சொல்லப்பட்டிருந்தது. மற்றக் குறிப்புகளில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்த ஒன்றை மட்டும் எங்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் அப்படியே பின்பற்றினால் பணம் போகும், பழுது போகாது. மண்டபத்தில் விசைப்படகுகளின் பேட்டரி, டைனமோ, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஆகிய வேலைகளை முப்பது ஆண்டுக்கு மேல் செய்துவிட்டு, கண்பார்வை மங்கியதால் கடையை மூடி வீட்டில் இருப்பவன் நான். அந்த அனுபவம் இருந்தும் நானே ஏமாந்த கதை ஒன்று இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடந்த பங்குனியில், நான் ஊரில் இல்லாத ஒரு நாள், என் மருமகன் விடியற்காலையில் இராமநாதபுரம் இரயில் நிலையத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பியபோது, வண்டி 'டக்' என்ற ஒரே ஓசையோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் நான்கு பேர் தள்ளிவிட்ட பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. அன்று மாலையே அவர் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பானட்டைத் திறந்தார். பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். மூன்றாண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்ததால், இதன் காலம் முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். மீட்டர் எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. பழைய பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கான தொகையைக் கழித்து, நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் புதியதைப் பொருத்தி அனுப்பினார். ஊர் திரும்பிய நான் விவரத்தைக் கேட்டுவிட்டு, மூன்றாண்டு உழைத்திருக்கிறதே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரார் படகில் அளந்து பாராமல் ஒரு வயரையும் தொடாதவன், சொந்த வீட்டு வண்டிக்கு நாள்காட்டியை நம்பினேன்.

வைகாசியில் மீண்டும் அதே 'டக்'. அதே கடைக்காரர் இம்முறை, பேட்டரியில் குறையில்லை, இன்ஜின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை, அதையும் மாற்ற வேண்டும் என்றார். ஆல்டர்னேட்டரின் விலையைக் கேட்ட பிறகுதான் வோல்ட், ஆம்பியர் அளக்கும் என் பழைய மல்டிமீட்டரின் நினைவு எனக்கு வந்தது.

அதைத் தேடி எடுப்பதற்குள் மருமகன் ஒன்று சொன்னார்: "மாமா, செல்ஃப் அடிக்கலையே தவிர, ஹெட்லைட் நல்லாத்தானே எரியுது?" பழுது எங்கே இருக்கிறது என்பதில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. பேட்டரியே வலுவிழந்திருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் அந்த நொடியில் விளக்கு மங்கிச் செந்நிறமாகச் சுருங்கும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசையும் பெரும்பாலும் அப்போதுதான் கேட்கும். விளக்கு ஒளி குறையாமல் எரிந்து, மோட்டார் மட்டும் ஒருமுறை 'டக்' என்று ஓய்ந்தால், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது என்றோ, மோட்டாரிலேயே கோளாறு என்றோ பொருள். எங்கள் வண்டியில் விளக்கின் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி, காரின் உடலோடு சேர்கிறது. செல்ஃப் மோட்டாரின் எர்த்தோ இன்ஜின் வழியாக வர வேண்டும். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் காரின் உடலையும் மின்சாரத்தில் இணைப்பது கியர்பாக்ஸுக்கு அருகில் கீழே தொங்கும் ஒரு பின்னல் பட்டை மட்டுமே.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. மருமகனைச் சாவியைத் திருப்பச் சொன்னபோது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11.2 வோல்ட் நின்றது; அது நல்ல பேட்டரியின் அடையாளம். பிறகு மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து மறுபடியும் திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் 2.3 வோல்ட் காட்டியது. மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், அந்தப் பின்னல் பட்டை முனையில் களிம்பேறிப் பச்சைத் தூளாகி, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் சோதனை பல்பு எரியும், மீட்டரும் 'பீப்' என்று ஒலிக்கும். ஆனால் சிறிய காரின் செல்ஃப் மோட்டார் கேட்கும் 150 ஆம்பியர் அதன் வழியே போகாது. ஓர் ஓமில் நூறில் ஒன்றரைப் பங்கு தடை இருந்தாலே இவ்வளவு வோல்ட் விழுந்துவிடும். புதிய பட்டைக்கு நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. புதுப் பேட்டரி சற்றுக் கூடுதல் வலுவோடு தள்ளியதால் பழுது இரண்டு மாதம் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இது எங்கள் பகுதியில் அரிதாக நடப்பதன்று. மண்டபத்தில் நிலம் ஒரு நாக்குப் போல நீண்டு, வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே கிடக்கிறது. சோளகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் உப்பும், வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணையின் உப்பும் வீட்டுக்குள்ளேயே வந்து படிகின்றன. பாம்பன் பாலத்தில் காற்று மிகுந்த நாளில் போய்வந்த கண்ணாடியை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். எங்கள் இரவுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதாம். ஆகவே மழை பெய்யாவிட்டாலும் செம்பு இழைகள் உப்புநீரில் ஊறிக்கொண்டே இருக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் எங்கும் இதே நிலைதான். உப்பளத்துக்கு அருகில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் உப்பின் தலையில் போடுவதும் சரியன்று. பேட்டரியின் டெர்மினல் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூப்பதற்கு முதற்காரணம், முனையைச் சுற்றிக் கசியும் அமிலப் புகை. வெள்ளை ஈய சல்பேட், நீலப் பச்சை செம்பு சல்பேட். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதிலும் உப்பைவிட வெப்பத்துக்கே பங்கு அதிகம். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது இத்துறையினர் கைக்கணக்காக வைத்திருப்பது. பானட்டுக்குள் நிலவும் சூட்டில் தட்டுகளின் உள்ளே உள்ள ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் ஆவியாகிறது. குளிர்ப் பகுதிகளில் இன்ஜின் எண்ணெய் இறுகுவதால் வலுவிழந்த பேட்டரி குளிர்காலத்தின் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் இன்ஜின் எப்போதும் இளஞ்சூட்டில் இருப்பதால், முக்கால் பங்கு செத்த பேட்டரியும் கடைசி நாள் வரை வண்டியைக் கிளப்பிவிடும். 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று எல்லாரும் சொல்வது அதனால்தான். எனவே மூன்றாண்டுக்குப் பிறகு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தங்கள் குறிப்பு சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். எச்சரிக்கை என்பது அளந்து பார்ப்பது. மாற்றுவது அளவுக்குப் பிறகு வரவேண்டியது.

அளப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை நேர்மின்சாரம் 20 வோல்ட் அளவில் வைத்து, மூன்று வேளைகளில் பார்த்தால் போதும். முதலாவது, வண்டி இரவு முழுவதும் ஓய்ந்த பிறகு. நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். வண்டியை நிறுத்தியவுடன் அளந்தால் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பதால்தான் இரவு ஓய்வைச் சொல்கிறேன். அவசரமானால் ஹெட்லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டு அணைத்துப் பிறகு பார்க்கலாம். இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. அப்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், அதுவும் முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் இறங்கினால், அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐ எட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டி நிலைத்து நின்றால், அந்த அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். சில புதிய கார்களில் கணினியே தேவைக்கேற்ப இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது.

எங்கள் வண்டியில் மூன்றாவது அளவு 14.2. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னவர் அதையும் பார்த்திருக்கவில்லை.

12.6 என்பதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரிந்தால் வேறொரு கோளாறும் பிடிபடும். பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். இரவெல்லாம் சார்ஜ் போட்ட பிறகும் 10.5-லேயே நிற்கிறதென்றால், ஓர் அறை உள்ளுக்குள் ஒட்டிச் செத்துவிட்டது; அதற்கு வைத்தியம் இல்லை, அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையையும் பார்க்கலாம். நிறைந்த அறையில் 1.265-க்கு மேல் இருக்கும், ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் நோய் அங்கேதான். மூடியில்லாத பேட்டரிகளின் மேல் சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண்ணைச் சிலர் பெரிதும் நம்புகிறார்கள். அது ஆறில் ஓர் அறையை மட்டுமே பார்க்கும் கண். மற்ற ஐந்தில் எது செத்தாலும் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நம் பணிமனைகளில் இன்னும் விடாமல் தொடரும் ஒரு பழக்கத்தைக் கண்டிக்க விரும்புகிறேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணையாமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று முடிவு சொல்வார்கள். பழைய காலத்து டைனமோ வண்டிகளில் அது செல்லுபடியானது. இப்போதைய ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரியைக் கழற்றிய அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு தாவி, பல்லாயிரம் ரூபாய்ப் பெறும் கணினிப் பெட்டியைச் சுட்டுவிடக்கூடும். இரு முனைகளையும் வயரால் உரசிப் பொறியின் அளவைப் பார்ப்பது அதைவிட மோசம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். என்னோடு வேலை பழகிய ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை அப்படித்தான் போயிற்று.

அடுத்தது, ஓடாமல் நிற்கும் வண்டிகள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் வீடுகளில், ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறைக்காக வாங்கி நிறுத்திய கார்கள் எத்தனையோ உண்டு. பூட்டி நிறுத்திய காரும் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சாவியின் சைகைக்குக் காத்திருக்கும் கருவி என்று 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி; சிறிய காரின் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி போய்விடும், ஒரு மாதத்தில் ஒன்றும் இராது. வெறுமையாகக் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் கல்லாக இறுகும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆறு மாதமே ஓடிய பேட்டரி செத்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் பலருடைய கதை இதுதான்.

வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறோமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வாரத்தில் இழந்தது 8.4 ஆம்பியர்-மணி. ஆல்டர்னேட்டர் 20 ஆம்பியர் கொடுப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் திரும்பியது 1.7 தான். அதிலும் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் இல்லை. விசைப்படகுக்காரர்கள் இதில் கார்க்காரர்களைவிடத் தெளிவானவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், என்னிடம் வேலைக்கு வந்த படகுக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிக் கரைக்கு இறக்கி, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நிழலில் வைத்து, நடுவில் ஒருமுறை மறுபடியும் ஏற்றிக்கொள்வார்கள். காரில் அவ்வளவுகூட வேண்டாம். பத்தாம் நம்பர் ஸ்பானரால் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜரில் போட்டால் போதும்.

சில நாள் நின்றாலே சார்ஜ் இறங்கும் வண்டியானால் எங்கோ திருட்டு மின்சாரம் போகிறது என்று பொருள். வெளிக்கடையில் போட்ட பாட்டுப்பெட்டி, கேமரா, ஜிபிஎஸ் கருவி ஆகியவைதாம் என் அனுபவத்தில் முதற்குற்றவாளிகள். மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். காத்திராவிட்டால் கணினிகள் விழித்திருக்கும் அளவைப் பார்த்து மிரண்டுவிடுவோம். அந்த நிலையில் தவறிக்கூடச் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் கருகும். 50 மில்லிஆம்பியருக்கு மிக மேலே நின்றால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்துத் திருடனைப் பிடிக்கலாம்.

தண்ணீரைப் பற்றியும் எங்கள் மாவட்டத்தார் கவனிக்க வேண்டும். இங்கே கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் எவ்வளவு உவர்ப்பு என்பது யாவரும் அறிந்தது. அதை வேண்டாமென்று ஒதுக்குபவர்கள்கூடக் குடிக்கும் கேன் தண்ணீரை ஊற்றலாம் என்று நினைக்கிறார்கள். கேன் தண்ணீரிலும் உப்புகள் உண்டு. நாக்குக்குத் தெரியாதவை ஈயத் தட்டுக்குத் தெரியும். கடையில் டிஸ்டில் வாட்டர் என்று கேட்டு வாங்குவதை மட்டுமே, தட்டுகள் மூழ்கிக் குறியீட்டுக் கோடு வரை ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர் மட்டும், அமிலம் அன்று. ஆகவே அமிலத்தை ஊற்றி 'ஜோர் ஏற்றுவது' பேட்டரியைக் கொல்லும் வழி.

எல்லாம் பார்த்த பிறகும் பேட்டரிதான் போய்விட்டது என்று தெளிவானால், மாற்றுவதில் தயங்க வேண்டாம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, தயாரித்த மாதத்தை. கடை அலமாரியில் எட்டு மாதம் வெயிலில் கிடந்தது புதியதாக இருந்தாலும் புதியதன்று. அடுத்து, பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். 38பி20எல் என்று இருந்தால், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கி வந்தால் வயர் எட்டாது, எட்டவைக்க முறுக்கினால் பிளஸும் மைனஸும் மாறிப்போகும் ஆபத்தும் உண்டு. சிக்னலில் நின்றவுடன் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு அதற்கென்றே செய்த இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை வேண்டும், விலை குறைவென்று சாதாரணமானதை வைத்தால் ஓராண்டு தாங்குவதே அரிது. உத்தரவாத அட்டையில் வரிசை எண்ணையும் தேதியையும் கடைக்காரர் எழுதி முத்திரையிடும் வரை அங்கிருந்து நகரக் கூடாது. '24+24 மாதம்' என்று அட்டையில் இருந்தால் நான்காண்டுக்கும் இலவசம் என்று பொருளன்று. முதற்பாதியில்தான் இலவச மாற்று, பிற்பாதியில் விலையில் தள்ளுபடி மட்டுமே.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸைத் திருகும் ஸ்பானர் காரின் உடலில் பட்டால் நேர் ஷார்ட். ஸ்பானரே பழுக்கக் காய்ந்துவிடும். முனையைக் கவ்வும் கிளாம்பு பூத்திருந்தால் அதை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். வாசலினைத் தடவுவது இறுக்கி முடித்த பின் வெளிப்புறத்தில்தான். உள்ளே தடவினால் அது தடையாகும். கிளாம்பு தளர்ந்திருந்தால் ஆணியைச் செருகுவதும், இறங்காவிட்டால் சுத்தியலால் அடிப்பதும் நம் ஊர் வழக்கம். ஆணி துருப்பிடிக்கும், அடி உள்ளே தட்டின் பற்றைத் தெறிக்கவிடும். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் கம்பியை, இது எதற்கு என்று சிலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்; கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கும் பேட்டரிக்கு அதுதான் காப்பு.

வழியில் நின்றுவிட்டால் வேறு வண்டியிலிருந்து கேபிள் போடும்போது பிளஸுக்குப் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனையை மட்டும் நின்ற வண்டியின் பேட்டரியில் அன்றி இன்ஜின் உலோகத்தில் தள்ளி மாட்ட வேண்டும். லாரிக்காரர் உதவ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவதே நலம். லாரியில் இரு பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுப்பவை, பெரிய விசைப்படகுகள் பலவற்றிலும் அப்படித்தான். 12 வோல்ட் காரில் அதைக் கொடுத்தால் பேட்டரியோடு மற்றவையும் போகும்.

பழைய பேட்டரி எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்பு. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, பயன்படுத்தி முடித்ததைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு. நாம் அதைக் குப்பையில் கலக்காமல் உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். எடைக்குக் கூடுதலாகச் சில ரூபாய் கிடைக்கிறதென்று தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால், அவர் அமிலத்தை மணலில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை உருக்குபவரிடம் தள்ளிவிடுவார். நாலடி தோண்டினால் நீர் வரும் கடலோர மணலில் அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒன்றே. பேட்டரி விற்கும் கடைகள், பழையதைக் கழற்றுமுன் மேற்சொன்ன மூன்று அளவுகளையும், கூடவே எர்த் வழியில் விழும் வோல்ட்டையும் எடுத்து, விற்பனைச் சீட்டின் ஓரத்தில் எழுதித் தர வேண்டும். ஐந்து நிமிட வேலை. சோதித்துச் சீட்டு அச்சடித்துத் தரும் கருவிகளும் இப்போது உண்டு, பல கடைகளில் உறையோடு அலமாரியில் தூங்குகின்றன. எழுதித் தராத கடையில், எழுதித் தந்தால்தான் வாங்குவேன் என்று வாடிக்கையாளர் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழும் மூன்றாண்டு என்ற அந்த வரியைத் திருத்தி, மூன்றாண்டானால் ஆண்டுக்கு இருமுறை அளந்து பாருங்கள் என்றும், கடலோர வாசகர்கள் எர்த் பட்டையையும் சேர்த்துப் பாருங்கள் என்றும் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

பங்குனியில் கைமாறிய எங்கள் பழைய பேட்டரியை ஒருமுறை சார்ஜ் போட்டு அளந்து பார்த்துவிட வேண்டும் என்று அந்தக் கடைக்குப் போனேன். அந்த மாதத்துச் சரக்கோடு அது லாரியில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். பச்சை பூத்த பட்டையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். மருமகன் அதைத் தம் நண்பர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.